நூற்றைம்பது வாக்குகள்: இலங்கையின் 1978 அரசியலமைப்பும் அதன் திருத்தங்களும்

இலங்கைப் பாராளுமன்றத்தில் 225 ஆசனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு 150. அரசியலமைப்புத் திருத்தங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒவ்வொரு திருத்தமும் எந்த உறுப்புரையை எப்படி மாற்றியது என்று வரிசையாகச் சொல்லிச் செல்வதே வழக்கம். அந்த வரிசை தேவையானதுதான். ஆயினும், திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் ஒவ்வொரு முறையும் எங்கிருந்து, எவ்வாறு திரட்டப்பட்டன என்று கேட்டால்தான் இந்த அரசியலமைப்பின் இயல்பு விளங்குகிறது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து 2022 வரையில் 21ஆம் இலக்கம் வரை திருத்தங்கள் எண்ணப்பட்டுள்ளன. பன்னிரண்டாவது திருத்தம் சட்டமாகவில்லை. இலக்கம் மட்டும் வெற்றிடமாக நிற்கிறது. எஞ்சிய இருபதில் பதினைந்து திருத்தங்களை நிறைவேற்றியது ஒரே பாராளுமன்றம். அது 1977 ஜூலையில் தெரிவான பாராளுமன்றம்.

அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளைப் பெற்று, 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. தொகுதிவாரித் தேர்தல் முறை, பாதி வாக்குகளை ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களாக மாற்றிக் கொடுத்தது. அந்தப் பலத்தைக் கொண்டு ஜே.ஆர். ஜயவர்தன முதலில் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பையே திருத்தி, 1978 பெப்ரவரி 4ஆம் திகதி நிறைவேற்று அதிகார ஜனாதிபதியாகப் பதவியேற்றார். புதிய அரசியலமைப்பு அதன் பின்னரே வந்தது. தனக்கு அவ்வளவு பெரிய பெரும்பான்மையைத் தந்த தேர்தல் முறையைப் புதிய அரசியலமைப்பில் அவர் கைவிட்டு, விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தார். அந்த முறையின் கீழ் எந்தக் கட்சிக்கும் தனித்து மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைப்பது மிக அரிது. தான் எழுதியதைப் பின்னால் வருபவர்கள் எளிதில் அழித்துவிடாதபடி போட்ட பூட்டு அது என்று கொள்வதில் தவறில்லை. பூட்டைப் போட்டவரின் கையில் மட்டும் இன்னும் பத்தாண்டுகளுக்குத் திறப்பு இருந்தது.

அரசியலமைப்பின் கட்டமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூலப் பிரதியில் 24 அத்தியாயங்களும் 172 உறுப்புரைகளும் இருந்தன. மக்கள், அரசு, இறைமை பற்றிய முதல் அத்தியாயத்தில் ஒற்றையாட்சி என்ற வரையறையும், பறிக்க முடியாத இறைமை மக்களுக்குரியது என்ற கூற்றும் இடம்பெறுகின்றன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகள், மொழி, குடியுரிமை ஆகியவை அடுத்து வருகின்றன. அதன் பின்னரே ஜனாதிபதி, அமைச்சரவை, சட்டவாக்கம், தேர்தல், நீதித்துறை என அதிகாரத்தின் பகுதிகள் தொடர்கின்றன. பின்னாளில் சேர்க்கப்பட்டவை, எழுத்துச் சேர்த்த இலக்கங்களோடு இடையிடையே செருகப்பட்டன. மாகாண சபைகளுக்கான முழு அத்தியாயமும் 154ஆம் உறுப்புரையைத் தொடர்ந்து இப்படித்தான் நுழைந்தது.

திருத்தம் செய்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. 82ஆம் உறுப்புரையின்படி, சமுகமளிக்காதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர் தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவாக வாக்களித்தால் போதும். சபையில் அன்று எத்தனை பேர் இருந்தார்கள் என்பது கணக்கில் வராது. வராமல் இருந்தவரும் வாக்களிக்க மறுத்தவரும் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். 83ஆம் உறுப்புரையில் பட்டியலிடப்பட்டவற்றை மாற்றுவதானால், மூன்றில் இரண்டுக்கு மேலாகச் சர்வசன வாக்கெடுப்பிலும் மக்களின் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவை நாட்டின் பெயர், ஒற்றையாட்சி, இறைமை, தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய தினம், பௌத்தத்தின் இடம், சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பு, 83ஆம் உறுப்புரை ஆகியவையே. ஜனாதிபதியினதோ பாராளுமன்றத்தினதோ பதவிக்காலத்தை ஆறாண்டுகளுக்கு மேல் நீடிப்பதற்கும் வாக்கெடுப்பு வேண்டும். சட்டத்தின் முன் சமத்துவத்தைச் சொல்லும் 12ஆம் உறுப்புரையும், பேச்சுச் சுதந்திரத்தைச் சொல்லும் 14ஆம் உறுப்புரையும் இந்தப் பட்டியலில் இல்லை. மொழி பற்றிய அத்தியாயமும் இல்லை. கொடியின் வடிவத்துக்குக் கிடைத்த காவல் சமத்துவத்துக்குக் கிடைக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இங்கு ஒரு சிறு முரணும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாவது திருத்தம் ஜனாதிபதியினதும் பாராளுமன்றத்தினதும் பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்தாண்டுகளாகக் குறைத்தபோது, 83ஆம் உறுப்புரையில் இருந்த ‘ஆறு’ மாற்றப்படாமல் நின்றுவிட்டது. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னர் அதைச் சரிசெய்வதற்கென ஒரு திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகி, தேர்தலைத் தள்ளிப்போடும் தந்திரமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது. தேர்தல் செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்து முடிந்தது; அந்தச் சட்டமூலம் அப்போது நிறைவேறவில்லை.

திருத்தம் என்று பெயர் சூட்டாமலேயே அரசியலமைப்பை மீறவும் ஒரு வழி உண்டு. அரசியலமைப்புக்கு முரணான ஒரு சட்டமூலத்தை, அரசியலமைப்பின் சொற்களில் கைவைக்காமல், மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேற்றிக்கொள்ள 84ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. அத்தோடு, சபாநாயகர் சான்றுரை எழுதிய பின் ஒரு சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று 80ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட பின் நாட்களில் எண்ணப்படும் ஒரு குறுகிய காலக்கெடுவுக்குள் மனுத்தாக்கல் செய்தால் மட்டுமே, நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கும். சட்டமூலத்தை வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில் கடைசி நேரத்தில் செருகப்படும் மாற்றங்கள் அந்தப் பரிசீலனைக்கு அகப்படுவதே இல்லை. ஆகவே மூன்றில் இரண்டைத் திரட்டியவருக்கு இந்த அரசியலமைப்பில் கிடைக்கும் பலம், சட்டம் நிறைவேறிய பின்னரும் அதை நீதிமன்றம் சோதிக்கும் நாடுகளில் கிடைப்பதைவிடப் பெரியது.

1977இன் பாராளுமன்றம் அந்தப் பலத்தைப் பயன்படுத்திய விதத்தில் நீண்டகாலத் திட்டத்தைவிட அவ்வப்போதைய தேவையே அதிகம் தெரிகிறது. அரசியலமைப்பு வந்து மூன்று மாதங்கள் ஆவதற்குள் முதலாவது திருத்தம் வந்துவிட்டது. முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு எதிரான விசேட ஜனாதிபதி ஆணைக்குழு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சிக்கலை எதிர்கொண்டதால், அந்த நீதிமன்றத்தின் நீதிப்பேராணை (ரிட்) அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு மாற்ற வழிசெய்தது அது. முதல் பாராளுமன்ற உறுப்பினர்களின் பதவி விலகலையும் கட்சி நீக்கத்தையும் பற்றியது, 1979இல் வந்த இரண்டாவது திருத்தம். அதே ஆண்டில்தான் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மட்டக்களப்பு உறுப்பினர் செல்லையா இராசதுரை ஆளுங்கட்சிக்கு மாறி அமைச்சரானார். 1982 ஆகஸ்டில் வந்த மூன்றாவது திருத்தம், தனக்கு வசதியான வேளையில் முன்கூட்டியே தேர்தலுக்குச் செல்ல ஜனாதிபதிக்கு வழி திறந்தது. ஒக்டோபரில் ஜயவர்தன மீண்டும் வென்றார்.

நான்காவது திருத்தம் இந்த வரலாற்றின் அச்சாணி. அடுத்த பொதுத் தேர்தல் விகிதாசார முறையில் நடந்தால் ஆறில் ஐந்து பெரும்பான்மை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 ஆகஸ்ட் வரை நீடிக்கும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகல் கடிதங்கள் முன்கூட்டியே பெறப்பட்டிருந்தன. 1982 டிசெம்பர் 22ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில் 54.66 வீதத்தினர் நீடிப்புக்கு ஆதரவளித்ததாக முடிவு வெளியானது. இலங்கையில் இதுகாறும் நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு அதுதான். மக்களின் இறைமைக்குக் காவலாக எழுதப்பட்ட ஏற்பாடு, பொதுத் தேர்தலை இல்லாமல் செய்வதற்காக மட்டுமே ஒரு முறை பயன்பட்டது.

தமிழருக்கு இந்த நீடிப்பின் விளைவு உடனடியாகத் தெரிந்தது. 1983 ஜூலை வன்முறை ஓய்ந்த சில நாட்களுக்குள், ஆகஸ்டில், ஆறாவது திருத்தம் நிறைவேறியது. இலங்கையின் எல்லைக்குள் தனி அரசொன்று அமைவதை ஆதரிக்க மாட்டேன் என்ற உறுதிமொழியை ஒவ்வொரு உறுப்பினரும் எடுக்க வேண்டும் என்று அது விதித்தது. 1977இல் அந்தக் கோரிக்கைக்கே ஆணை பெற்று 18 ஆசனங்களோடு பிரதான எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர், உறுதிமொழி எடுக்க மறுத்துத் தமது இடங்களை இழந்தனர். நான்காண்டுகளின் பின், 1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து, மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாவது திருத்தம் நவம்பரில் நிறைவேறியபோது, யாருடைய பிரச்சினைக்குத் தீர்வு என்று அது சொல்லப்பட்டதோ அவர்களின் பிரதான கட்சிக்கு அந்தச் சபையில் வாக்கே இருக்கவில்லை. திருத்தத்தை நிறைவேற்றிய மூன்றில் இரண்டு, பத்தாண்டுகளுக்கு முன்னர் தெரிவான, தேர்தலின்றி நீடிக்கப்பட்ட மூன்றில் இரண்டு.

பதின்மூன்றாவது திருத்தத்துக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் விசாரித்தனர். பிரதம நீதியரசர் சர்வானந்தா உட்பட நால்வர், அதிகாரப் பகிர்வு ஒற்றையாட்சிக்கு முரணன்று, வாக்கெடுப்பு வேண்டியதில்லை என்றனர். நால்வர் வேண்டும் என்றனர். ஒன்பதாமவரான நீதியரசர் ரணசிங்க, மாகாண சபைகளுக்கு அளவுக்கு மிஞ்சிய காப்பளித்த சில வாசகங்களுக்கு மட்டும் வாக்கெடுப்பு வேண்டும் என்றார். அரசாங்கம் அந்த வாசகங்களை மாற்றிக்கொண்டது. இதன் பொருளைப் பலரும் கவனிப்பதில்லை. சபைகள் ஒப்பாவிட்டாலும் பாராளுமன்றம் தனது மூன்றில் இரண்டால் மாகாண சபை அத்தியாயத்தை மாற்றலாம் என்ற இன்றைய நிலை, அந்த ஒற்றை நீதியரசரின் தீர்மானத்துக்கு இணங்கச் செய்த மாற்றத்தின் விளைவு. அரசியலமைப்பின் ‘அடிப்படைக் கட்டமைப்பை’ப் பாராளுமன்றம் மாற்ற முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் நிறுவிய கோட்பாட்டை இலங்கைக்குப் பொருத்தவும் பெரும்பான்மையினர் மறுத்தனர்; எதையும் மாற்றவும் முழுமையாக நீக்கவும் 82ஆம் 83ஆம் உறுப்புரைகளே வழி சொல்லியிருக்கும்போது அந்தக் கோட்பாட்டுக்கு இங்கு இடமில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

அந்தப் பாராளுமன்றத்தின் இறுதித் திருத்தங்கள் 1988 டிசெம்பர் 17ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன், சட்டமாயின. தமிழை நிர்வாகத்துக்கும் சட்டவாக்கத்துக்கும் உரிய மொழியாக்கிய பதினாறாவது திருத்தம் அவற்றில் ஒன்று. மற்றையது பதினைந்தாவது. ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்கான வெட்டுப்புள்ளியை எட்டில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்காக, அதாவது 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாக, அது குறைத்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப், வேட்பாளர் பிரேமதாசவிடம் கேட்டுப் பெற்ற ஏற்பாடு என்று இது அறியப்படுகிறது. சிறிய கட்சிகள் சபைக்குள் நுழைந்தன. அதே காரணத்தால் பெரிய கட்சிகளுக்கு மூன்றில் இரண்டு மேலும் எட்டாமற்போனது.

அதன் பின் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு திருத்தமும் இல்லை. சந்திரிகா குமாரதுங்க 2000 ஆகஸ்டில் முழுப் புதிய அரசியலமைப்புச் சட்டமூலத்தைச் சமர்ப்பித்தார்; எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினர்; வாக்குகள் போதாமல் அது கைவிடப்பட்டது. பூட்டு வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2001 ஒக்டோபரில், உயர் பதவி நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவையையும் சுயாதீன ஆணைக்குழுக்களையும் உருவாக்கிய பதினேழாவது திருத்தம் வந்தது, பெரும்பான்மையை இழந்து தள்ளாடிய ஓர் அரசாங்கம் எல்லோரோடும் உடன்பட வேண்டியிருந்ததால். இந்த அரசியலமைப்பின் சிறந்த திருத்தங்களுள் ஒன்று, அரசாங்கம் மிகப் பலவீனமாக இருந்தபோது பிறந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு பூட்டுக்கு வேறு திறப்புக் கண்டுபிடிக்கப்பட்டது. கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஒரு மாதத்தில் ஆசனத்தை இழப்பார் என்பது 99ஆம் உறுப்புரையின் ஏற்பாடு. உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாது என்றால் மட்டுமே தப்பலாம். ஜனாதிபதியாகிவிட்ட பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையை அடுத்து நீக்கப்பட்ட காமினி திசாநாயக்க முதலானோரின் வழக்கில் 1991இல் நீதிமன்றம் கட்சியின் பக்கம் நின்றது. பின்வந்த வழக்குகளிலோ, இயற்கை நீதி கடைப்பிடிக்கப்படவில்லை என்ற காரணத்தால் நீக்கங்கள் அடுத்தடுத்து இரத்தாயின. கட்சி மாறினாலும் ஆசனம் போகாது என்பது நடைமுறையாகிவிட்டது. அமைச்சுப் பதவிகளைப் பகிர்ந்தளிக்கும் கை ஜனாதிபதியினுடையதாக இருக்கையில், தேர்தலில் கிடைக்காத மூன்றில் இரண்டைத் தேர்தலுக்குப் பின் திரட்டிக்கொள்ளலாம்.

2010இல் மகிந்த ராஜபக்சவின் கூட்டணி 144 ஆசனங்களை வென்றது, ஆறு குறைவு. முஸ்லிம் காங்கிரஸும் கட்சி மாறியோரும் சேர்ந்தனர். ஜனாதிபதி இருமுறைக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற தடையை நீக்கி, அரசியலமைப்புப் பேரவையைக் கலைத்த பதினெட்டாவது திருத்தம், அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டு, செப்டெம்பர் 8ஆம் திகதி 161 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தோர் 17 பேர். 2015 ஏப்ரல் 28ஆம் திகதி, அந்தத் தடையையும் பேரவையையும் மீட்டெடுத்த பத்தொன்பதாவது திருத்தம் 212 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவரே. இரண்டையும் நிறைவேற்றியது ஒரே பாராளுமன்றம். இடையில் பொதுத் தேர்தல் ஏதும் நடக்கவில்லை. ஜனாதிபதி மட்டுமே மாறியிருந்தார்.

ஐந்தாண்டுகள் கழித்து அதே காட்சி. 2020இல் 145 ஆசனங்களை வென்ற பொதுஜன பெரமுன, எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எட்டுப் பேரின் துணையோடு, ஒக்டோபர் 22ஆம் திகதி 156 வாக்குகளால் இருபதாவது திருத்தத்தை நிறைவேற்றி ஜனாதிபதியின் அதிகாரங்களை மீட்டது. இரட்டைக் குடியுரிமை உடையோர் பாராளுமன்றம் வருவதற்கான தடையும் நீங்கியது. கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிய பின், 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி, அதே பாராளுமன்றம் 179 வாக்குகளால் இருபத்தோராவது திருத்தத்தை நிறைவேற்றி, பேரவையையும் அந்தத் தடையையும் மீண்டும் கொண்டுவந்தது. 2015இல் தனித்து எதிர்த்த சரத் வீரசேகரவே இம்முறையும் தனித்து எதிர்த்தார். அவருடைய கருத்தை ஏற்காதவர்களும், இரண்டு முறையும் ஒரே பக்கம் நின்றதற்காக அவரை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்றையோரின் வாக்கு, கொள்கையைப் பின்தொடரவில்லை. ஜனாதிபதியின் நாற்காலியைப் பின்தொடர்ந்தது.

இவ்வளவுக்கும் இடையில் உயர் நீதிமன்றம் தன் பங்கைச் செய்யாமலில்லை. இறைமையைச் சொல்லும் 3ஆம் உறுப்புரை 83இன் பட்டியலில் இருக்கிறது. அந்த இறைமையை எந்த நிறுவனம் எப்படிப் பிரயோகிக்கும் என்று சொல்லும் 4ஆம் உறுப்புரை அதில் இல்லை. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று 2002இல் ஏழு நீதியரசர் கொண்ட ஆயம் தீர்மானித்தது. ஒரு நிறுவனத்தின் அதிகாரத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றுவதும் வாக்கெடுப்பைக் கோரும் விடயமாயிற்று. 2015இல் பிரதம நீதியரசர் க. சிறீபவன் தலைமையிலான ஆயம், பிரதமருக்கு அதிகாரத்தை மாற்றிய சில வாசகங்களுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்றது. அரசாங்கம் அவற்றைக் கைவிட்டது. 2020இலும் நான்கு வாசகங்கள் பற்றி இதே தீர்மானம் வந்தது. 1982இற்குப் பின் எந்த அரசாங்கமும் மக்களிடம் போகத் துணியாததால், ‘வாக்கெடுப்பு வேண்டும்’ என்ற நீதிமன்றத்தின் சொல்லே ஒரு வாசகத்தைச் சாகடிக்கப் போதுமானதாக இருக்கிறது. நிறைவேற்று ஜனாதிபதி முறை இன்றுவரை நிலைத்திருப்பதற்கு அதன் ஆதரவாளர்களைவிட இந்தத் தயக்கமே பெரிய காரணம் எனலாம்.

தயக்கம் இன்னொரு வழியாகவும் வெளிப்படுகிறது. மாகாண சபைத் தேர்தல்களை ஒரே நாளில் நடத்துவதற்கான திருத்தச் சட்டமூலத்துக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று 2017இல் நீதிமன்றம் சொன்னதும், பெண்களின் பிரதிநிதித்துவத்தை உயர்த்தவென வந்த ஒரு சாதாரண சட்டமூலத்துக்குள் குழுநிலையில் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் வாசகங்கள் நுழைக்கப்பட்டு, மூன்றில் இரண்டால் நிறைவேற்றப்பட்டன. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த ஆண்டு பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறை நீக்கப்பட்டு, புதிய முறை தொடங்காமல், மாகாண சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகின. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பதின்மூன்றாவது திருத்தத்தின் ஒரு சொல்லும் நீக்கப்படவில்லை, ஆளுநர்கள் நிர்வகிக்கின்றனர்.

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தல் பழைய கணக்குகள் எல்லாவற்றையும் மாற்றியது. தேசிய மக்கள் சக்தி 61.56 வீத வாக்குகளோடு 159 ஆசனங்களைப் பெற்றது. விகிதாசார முறையில் ஒரு தரப்பு தேர்தலிலேயே மூன்றில் இரண்டைத் தாண்டியது இதுவே முதல் முறை. மட்டக்களப்பைத் தவிர்ந்த 21 மாவட்டங்களிலும் முதலிடம் பெற்றதால் அவற்றின் போனஸ் ஆசனங்களும் அதற்கே கிடைத்தன. யாரையும் கட்சி மாற்றாமல், யாருக்கும் அமைச்சுப் பதவி தந்து அழைக்காமல், 82ஆம் உறுப்புரையின் வாயிலை அது கடக்கலாம். ஆனால் அந்தத் தரப்பு மக்களுக்கு வாக்குறுதியளித்தது நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்கும் ஒரு புதிய அரசியலமைப்பை. 1978இன் அரசியலமைப்பை முழுமையாக மாற்றுவது 83ஆம் உறுப்புரையையும் மாற்றுவதாகும். ஆகவே 150 வாக்குகளோடு அது முடியாது. சர்வசன வாக்கெடுப்பொன்றை நடத்தி, 1982இன் பின் எந்த அரசாங்கமும் கேட்காத கேள்வியை அது மக்களிடம் கேட்க வேண்டியிருக்கும்.